கண்ணீரில் வந்த காசும் கணக்கு நோட்டும்

(இரண்டாம் ஆண்டு மாணவர், மெக்கானிக்கல் டிப்ளமோ)



நம் சங்க மலரின் கடைசிப் பக்கங்களில் வரவு செலவு அறிக்கை என்று ஒன்று அச்சாகிறது. அதைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கவிதையைப் படிப்போம், ஜோக்கைப் படிப்போம், குரூப் போட்டோவில் நம் முகம் எங்கே என்று தேடுவோம். கணக்குப் பக்கம் வந்தால் புரட்டிவிட்டுப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு அக்கா கேட்ட ஒரே ஒரு கேள்வி என்னை மாற்றியது.

எங்கள் ஊர் லைட்ஹவுஸ் குப்பம். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மீனவ ஊர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கடற்கரைப் பக்கம் படகு கவிழ்ந்து ஒருவர் இறந்துபோனார். பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து உண்டியல் தூக்கினோம். மூன்று நாளில் 38,000 ரூபாய் சேர்ந்தது. பேனர் அடித்தோம், வேன் பிடித்தோம், வந்தவர்களுக்கு டீ, சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம். குடும்பத்துக்கு 24,500 ரூபாய் போய்ச் சேர்ந்தது. சில மாதம் கழித்து இறந்தவரின் மனைவி என்னை வழியில் நிறுத்தி, "மொத்தம் எவ்வளவு தம்பி வந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு வாயே திறக்கவில்லை. படிக்கிற பையன் என்று கணக்கு நோட்டை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். நான் இரண்டாம் நாளுக்குமேல் எழுதவே இல்லை. எங்களில் யாரும் திருடவில்லை. ஆனால் திருடவில்லை என்று காட்ட என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

சாவு வீட்டுத் துக்கத்தில் சேருகிற காசை இளைஞர்கள் எப்படிக் கையாள வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ள நான் தேடிப் படித்ததில் இரண்டு அமைப்புகள் என் மனதில் நின்றன. இரண்டுமே துப்பாக்கிச் சாவைத் தடுக்கப் பாடுபடுபவை. ஒன்று அமெரிக்காவில் மாணவர்கள் தொடங்கியது. இன்னொன்று நம் நாட்டு மணிப்பூரில் தொடங்கியது. இரண்டின் வேலையையும் பணத்தையும் பார்ப்போம்.

துப்பாக்கி நமக்குத் தூரமா?

'நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் கேட்கலாம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அமெரிக்காவைப் போல இங்கே கடையில் போய் வாங்கி வந்துவிட முடியாது என்பது உண்மை. ஆனாலும் 2017 மார்ச் 6 அன்று பாக் நீரிணையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் குண்டு பட்டு இறந்தார். 2018 மே மாதம் தூத்துக்குடியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர் இழந்தார்கள். கடற்கரையில் பிறந்த நமக்குத் துப்பாக்கி ஒன்றும் தூரத்துச் சங்கதி அல்ல.

பார்க்லேண்ட் மாணவர்கள்

2018 பிப்ரவரி 14. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பார்க்லேண்ட் என்ற ஊர். அங்குள்ள மர்ஜரி ஸ்டோன்மேன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளிக்குள் அந்தப் பள்ளியின் பழைய மாணவன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 17 பேரைச் சுட்டுக் கொன்றான். உயிர் தப்பிய மாணவர்கள் அழுதுவிட்டு வீட்டில் உட்காரவில்லை. சில நாட்களிலேயே 'மார்ச் ஃபார் அவர் லைவ்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நம் உயிர்களுக்கான பேரணி என்று பொருள். டேவிட் ஹாக், எக்ஸ் கொன்சாலஸ், ஜாக்லின் கோரின், கேமரன் காஸ்கி முதலியோர் முன்னால் நின்றார்கள். எல்லாரும் நம் வயசுதான்!

2018 மார்ச் 24 அன்று தலைநகர் வாஷிங்டனில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அதே நாளில் மற்ற ஊர்களிலும் வெளிநாடுகளிலுமாக 800-க்கும் மேற்பட்ட பேரணிகள் நடந்தன. அந்தக் கோடையில் பஸ் எடுத்துக்கொண்டு 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களைச் சுற்றி, இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் பதியவைத்தார்கள். பலனும் கிடைத்தது. 2018 மார்ச் 9 அன்றே ஃபுளோரிடாவில் புதுச் சட்டம் வந்து, துப்பாக்கி வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆனது. 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டியில் ஆரம்பப் பள்ளி ஒன்றில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது, ஜூன் 11 அன்று மறுபடியும் பேரணி நடத்தினார்கள். அதே மாதம் 25-ஆம் தேதி துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றில் அமெரிக்க ஜனாதிபதி கையெழுத்திட்டார்.

இப்போது பணத்துக்கு வருவோம். நடிகர் ஜார்ஜ் க்ளூனி தம்பதியர் 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். உடனே ஓப்ரா வின்ஃப்ரே, இயக்குநர் ஸ்பீல்பெர்க் தம்பதியர், தயாரிப்பாளர் காட்சன்பெர்க் தம்பதியர் ஆகியோரும் அதே தொகையைக் கொடுத்தார்கள். நான்கு வீட்டிலிருந்து மட்டும் 20 லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 13 கோடி ரூபாய். இதுபோக, பொதுமக்கள் இணையம் வழியாகக் கொடுத்த சிறு நன்கொடைகள் வேறு.

பணத்தை வைக்க இரண்டு தனித்தனி அமைப்புகளைப் பதிவு செய்தார்கள். ஒன்று கல்வி, அறப்பணிக்கு. அதற்குக் கொடுப்பவருக்கு வரிச் சலுகை உண்டு. மற்றது சட்டம் கொண்டுவரப் போராடுவதற்கு. அதற்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டும் வருஷா வருஷம் 990 என்ற எண்ணுள்ள படிவத்தில் வருமான வரித் துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். ஆகவே அவர்கள் கணக்கில்லாமல் நடத்தியவர்கள் அல்லர்.

இருந்தும் 2025-ல் என்ன ஆயிற்று? பண நெருக்கடியால் 16 முழுநேர ஊழியர்களில் 13 பேரை நிறுத்த வேண்டி வந்தது. தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக்லின் கோரினே நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். ஊரே துக்கப்படும்போது நன்கொடை வெள்ளமாக வருகிறது. துக்கம் ஆற ஆற வரத்து வற்றுகிறது. சம்பளமும் வாடகையும் மட்டும் மாதா மாதம் வந்து நிற்கும். எங்கள் பழவேற்காடு முகத்துவாரமும் இப்படித்தான். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் மணலை அறுத்துக்கொண்டு போகும். கோடையில் மணல் சேர்ந்து வழி அடைபடும். மழைக்காலத்து ஆழத்தை நம்பிக் கோடையில் படகை விட்டால் தரை தட்டத்தான் செய்யும்.

மணிப்பூரின் தையல் மெஷின்

2004 டிசம்பர் 26 சுனாமி என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு இரண்டு நாள் முன்னால், டிசம்பர் 24 அன்று, மணிப்பூரில் வாப்காய் லாம்காய் என்ற ஊரில் 27 வயது இளைஞர் ஒருவரைத் துப்பாக்கி ஏந்திய மூன்று பேர் அவருடைய பேட்டரிக் கடையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய இளம் மனைவி நிர்க்கதியாக நின்றார்.

அந்தச் சமயம் பினலட்சுமி நேப்ரம் என்ற முப்பது வயதுப் பெண்மணி அந்த ஊருக்கு வந்திருந்தார். இம்பாலில் பிறந்தவர், ஆயுதக் கடத்தல் பற்றி ஆராய்ந்து 2002-ல் புத்தகம் எழுதியவர். அவரும் நண்பர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 4,500 ரூபாய் சேர்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்! பேனர் இல்லை, மேடை இல்லை. அந்த 4,500 ரூபாயிலிருந்து வளர்ந்ததுதான் மணிப்பூர் துப்பாக்கிப் பாதிப்பிலிருந்து மீண்ட பெண்களின் கூட்டமைப்பு. 2007-ல் அமைப்பாக உருவானது.

அதன் வேலை என்ன? துப்பாக்கியால் கணவனையோ மகனையோ இழந்த பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பார்கள். 3,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை சிறு கடன் கொடுப்பார்கள். பட்டு நூல் சுற்றுதல், நெசவு, மீன் வளர்ப்பு, காளான் வளர்ப்பு, ரோட்டோரக் கடை என்று அவரவருக்குத் தெரிந்த தொழிலைச் செய்யலாம். 2010-ல் நேப்ரத்துக்கு ஷான் மக்பிரைடு அமைதிப் பரிசு கிடைத்தது. ஆனால் துப்பாக்கி ஓயவில்லை. 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட கலவரத்தில் போலீஸ் ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் கொள்ளை போயின. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு தையல் மெஷினால் சண்டையை நிறுத்த முடியாது. ஒரு வீட்டின் அடுப்பை அணையாமல் காக்க முடியும். அதுவும் தேவைதானே?

ஒரு கணக்கு போடுவோம்

டிப்ளமோ படிக்கிறோம், கணக்கு போட்டே பார்த்துவிடுவோம். இது உதாரணத்துக்குத்தான். ஒரு மன்றத்தில் 60 பேர். ஆளுக்கு மாதம் 20 ரூபாய் சந்தா. மாத வரவு 1,200 ரூபாய். ஒருவர் மனம் இரங்கி ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை தருகிறார்.

முதல் வழி: அறை வாடகை, ஒரு ஆளுக்குச் சம்பளம் என்று மாதம் 15,000 செலவு. சந்தா போக மாதா மாதம் 13,800 ரூபாய் நன்கொடையிலிருந்து எடுக்க வேண்டும். ஏழு மாதத்தில் 96,600 போய்விடும். எட்டாம் மாதம் மன்றத்துக்குப் பூட்டு.

இரண்டாம் வழி: நடைமுறைச் செலவு 1,000 ரூபாய், சந்தாவிலேயே முடித்துவிட்டு 200 மிச்சம். நன்கொடையிலிருந்து 11 பேருக்கு ஆளுக்கு 9,000 வீதம் 99,000 கடன். ஒவ்வொருவரும் மாதம் 500 திருப்பினால் மாதம் 5,500 வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு குடும்பத்துக்குக் கடன் கொடுக்கலாம். காசு அதே காசுதான். முதல் வழியில் தீர்ந்துபோகிறது, இரண்டாவதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பொதுவிதி இதுதான்: ஒரே தடவை வருகிற காசை நம்பி மாதச் செலவை ஏற்றக் கூடாது. எந்த உறுப்பிலும் அது தாங்குகிற முழு லோடையும் நாம் ஏற்றுவதில்லையே, ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி விடுகிறோமே! பணத்துக்கும் அது வேண்டும்.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்குவதானால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு செய்ய முடியாது.

நாம் செய்ய வேண்டியது

1. காசு வாங்குகிறவர் ஒருவர், நோட்டு எழுதுகிறவர் வேறொருவர்.
2. அன்றன்றைக் கணக்கை அன்றன்றே எழுதி இருவர் கையெழுத்திட வேண்டும்.
3. ஒரு குடும்பத்துக்கென்று வசூலித்ததில் பேனருக்கும் டீக்கும் எடுக்கக் கூடாது. அந்தச் செலவுக்குத் தனியாக நம் கையிலிருந்து போட வேண்டும்.
4. கணக்கை எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

நான்காவது என் அம்மாவின் மகளிர் குழுவில் கற்றுக்கொண்டது. அங்கே கூட்டம் நடக்கும்போதெல்லாம் நோட்டை உரக்கப் படிப்பார்கள். எழுத்துத் தெரியாத அம்மாவுக்கும் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அத்துப்படி. படித்த எனக்குத்தான் தெரியாமல் போயிற்று!

கடைசியில் நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதினோம். 38,000-ல் குடும்பத்துக்குக் கொடுத்தது 24,500. இன்ன செலவு என்று சொல்ல முடிந்தது 9,200. மீதி 4,300 ரூபாய் எங்கே போனது என்று யாருக்கும் நினைவில்லை. ஆளுக்கு 860 ரூபாய் போட்டு அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நோட்டைப் படித்துக் காட்டினோம். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கே படிச்சிருக்கலாமே தம்பி" என்றார்.

நண்பர்களே! இந்த மலரின் கணக்குப் பக்கத்தை இந்த வருஷம் ஒருமுறை படியுங்கள். புரியாத இடத்தில் சங்கச் செயலாளரைக் கேளுங்கள். கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. அது நம் காசு, நம் சங்கம்.

வளர்க மாணவர் ஒற்றுமை!