கொண்டு, கினு, கிட்டு



கோலார் தங்கவயலுக்குப் பணிமாற்றம் பெற்று வந்த முதல் மாதத்தில் நான் ஒரு பிழை செய்தேன். ஆண்டு விழாவில் திருக்குறள் ஒப்பிக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மாரிக்குப்பத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "தாத்தா தெனமும் சொல்லிகினே இருப்பாரு மிஸ், எனக்கும் தெரியும்" என்றான். 'சொல்லிகினே' என்ற ஒரு சொல் என் செவியை உறுத்தியது. இவனால் திருத்தமாகச் சொல்ல இயலாது என்று எண்ணி, வேறொரு மாணவியைத் தேர்ந்தேன். அவனை ஒரு குறளும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.

அச்சொல் எங்கிருந்து வந்தது? 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்திரளாகக் குடியேறினர். அவர்கள் கொண்டுவந்தது வடதமிழகத்துப் பேச்சு. 'சொல்லிக்கொண்டு' என்பது அங்கே 'சொல்லிகினு' என ஒலிக்கும். என் ஊராகிய மதுரையில் 'சொல்லிக்கிட்டு' என்போம். யாழ்ப்பாணத்தார் 'கொண்டு' என்பதைப் பேச்சிலும் பெரும்பாலும் விடுவதில்லை. எழுத்துத் தமிழை அளவுகோலாகக் கொண்டால் 'கினு'வும் தேறாது, 'கிட்டு'வும் தேறாது. ழகரமும் அப்படியே. வடக்கில் பலர் 'வாயப்பயம்' என்பர். எங்கள் ஊரில் பலர் 'வாளப்பளம்' என்போம். ஆயினும், என்னைப் பார்த்து எவரும் சிரித்ததில்லை.

ஊர்தோறும் சொல் வேறுபடுவதைத் தொல்காப்பியர் இழிவாகக் கருதவில்லை. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நிலங்களில் வழங்கும் சொற்களுக்குத் 'திசைச்சொல்' என்று பெயரிட்டு, செய்யுளில் இடம்பெறும் நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்தார்.

குரலும் நம்மை ஏமாற்றும். இங்குள்ள முதியோர் சிலர் உரத்த குரலில் பேசக் கேட்டு, அவர்கள் சினந்துகொள்வதாக முதலில் நினைத்தேன். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடைய சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கங்களில், பாறையைத் துளைக்கும் பொறியின் பேரொலிக்கிடையே பல்லாண்டு உழைத்தவர்களுக்குச் செவி மங்குதல் இயல்பு. தம் குரல் தமக்கே கேட்காதவர் உரக்கத்தான் பேசுவார். பாறைத்தூளைச் சுவாசித்து நுரையீரல் நலிந்தவர்களோ, ஒரு தொடரை முடிக்குமுன் இருமுறை நிறுத்தி மூச்சு வாங்குவர். அதைத் தயக்கம் என்று கொள்வோரும் உண்டு.

இவ்வூராரின் பேச்சைக் கேட்டு 'இவர்களுக்குத் தமிழ் அவ்வளவுதான்' என்போர் ஒன்றை அறிதல் வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கினார். அவர் மறைவுக்குப் பின், 1926 முதல் 'தமிழன்' என்ற பெயரில் அவ்விதழ் வெளிவந்தது தங்கவயலிலிருந்துதான். அவருடைய நூல்களை வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் இங்கேயே இருந்தது. தொழிலாளர் குடியிருப்புகளில் அவை வாசிக்கப்பட்டன.

விழா முடிந்த மறுவாரம் அம்மாணவனை அழைத்து, தெரிந்த குறள்களைச் சொல்லச் சொன்னேன். நான்கு அதிகாரங்களை நிறுத்தாமல் சொன்னான். ழகரம் இரண்டு இடங்களில் யகரமாயிற்று. சீர் ஓரிடத்திலும் பிறழவில்லை. "விழாவுக்கு முன்னரே ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்க கேக்கல மிஸ்."

பயிற்சி

1. ஆசிரியர் எதைக் கேட்டு முடிவு செய்தார்? எதைக் கேட்கத் தவறினார்?
2. 'நடந்துகொண்டு', 'பார்த்துக்கொண்டு' ஆகியவற்றை உங்கள் தாத்தா அல்லது பாட்டி எவ்வாறு சொல்கிறார்? அவர் சொல்லும்படியே எழுதி, அவருடைய சொந்த ஊரையும் குறிப்பிடுக.