நெல்லிக்கனியும் குருதிக் குழாயும்

முன்னுரை

தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு அளித்தான் என்பது தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்த செய்தி. புறநானூற்றின் 91ஆம் பாடல் இதற்குச் சான்று. இறப்பை விலக்கும் கனி என்னும் கருத்தை அப்பாடலில் காண்கிறோம்.

இன்று நெல்லிக்கனி நம் மேடவாக்கம் கூட்டுச் சாலையில் கூறு கட்டி விற்கப்படுகிறது. அதன் சாற்றை நாள்தோறும் பருகினால் இரத்தக் கொதிப்பு நீங்கிவிடும் என்ற நம்பிக்கையும் மக்களிடையே பரவியுள்ளது. என் பெரியத்தா அந்நம்பிக்கையால் மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டார். சில திங்களில் பக்கவாதம் தாக்கி அவருடைய வலக்கை செயலிழந்தது. நெல்லி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அறியும் வேட்கை அன்று எனக்குள் எழுந்தது. படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்குத் தொகுத்துரைக்கிறேன்.

குழாயின் உட்படலம்

குருதிக் குழாய் என்பது வெறும் குழாயன்று. அதன் உட்புறத்தில் ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டில் இராபர்ட் ஃபர்ச்காட் என்னும் அமெரிக்க அறிஞர், முயலின் பெருந்தமனித் துண்டுகளை ஆராய்ந்தார். உட்படலம் சிதையாத துண்டு, அசிட்டைல்கோலின் என்னும் பொருள் பட்டவுடன் தளர்ந்தது. படலம் தேய்ந்துபோன துண்டு தளரவில்லை. ஆகவே, தளர்க என ஆணையிடும் பொருள் ஒன்று உட்படலத்திலிருந்தே பிறக்கிறது என்று அவர் கண்டார்.

அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி இதனை உண்டாக்குகிறது. இவ்வாயு அருகிலுள்ள தசையைத் தளர்த்திக் குழாயை விரியச் செய்கிறது. குருதித் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் தடுக்கிறது. இதன் வாழ்நாளோ சில நொடிகளே. இக்கண்டுபிடிப்புகளுக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவரும் 1998இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர்.

உயிர்ச்சத்து ‘சி’ ஆற்றும் பணி

புகைபிடித்தல், நீரிழிவு, மிகு இரத்த அழுத்தம் ஆகியவற்றால் உடலில் சூப்பர் ஆக்சைடு என்னும் சிதைப்பான் பெருகுகிறது. அது நைட்ரிக் ஆக்சைடை அழித்துவிடும். நொதிக்குத் துணைநிற்கும் பொருளும் ஆக்சிகரணத்தால் கெடும்போது, நைட்ரிக் ஆக்சைடைத் தர வேண்டிய நொதியே சூப்பர் ஆக்சைடைத் தரத் தொடங்கும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

இங்கேதான் உயிர்ச்சத்து ‘சி’ உதவிக்கு வருகிறது. தன்னிடமுள்ள எலெக்ட்ரான்களை ஈந்து, தான் ஆக்சிகரணமுற்று, நொதியின் துணைப்பொருளைக் கெடாமல் காக்கிறது. தனக்கென வைத்துக்கொள்ளாத அதியமானின் கொடையை இது நினைவூட்டவில்லையா? மேலும், குழாய்ச் சுவருக்கு உறுதி தரும் கொலாஜன் உருவாகவும் இச்சத்து வேண்டும். இது முற்றும் குறைந்தால் ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோய் தோன்றும்.

ஆய்வுகள் காட்டும் எல்லை

1996இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இதயத் தமனி நோயாளிகளுக்கு ஒரே வேளையில் 2 கிராம் உயிர்ச்சத்து ‘சி’ கொடுக்கப்பட்டது. 2 மணி நேரத்தில் அவர்களுடைய கைத் தமனி முன்னினும் நன்கு விரிந்தது. இதைக் கண்டு பலரும் மகிழ்ந்தனர்.

ஆனால், குழாய் சிறிது நேரம் விரிவது வேறு. நோய் வராமல் தடுப்பது வேறு. 50 வயதும் அதற்கு மேலும் ஆன 14,641 அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் ஏறத்தாழ 8 ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியாயிற்று. நாள்தோறும் 500 மில்லிகிராம் உண்டும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. மிகுதியாக உண்பது சிறுநீரோடு வெளியேறுகிறது. அளவு கடந்த மாத்திரைகள் சிறுநீரகக் கற்களுக்கும் வழிவகுக்கலாம்.

நமக்குத் தேவையான அளவு

1918இல் குன்னூரில் வேர்விட்டு, 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய ஆய்வகமே தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அதன் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி நாள் ஒன்றுக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் இச்சத்து போதும். அந்நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணை, 100 கிராம் நெல்லியில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் உள்ளதாகக் கூறுகிறது. எனவே நடுத்தர அளவுள்ள ஒரு கனியே ஒரு நாளைக்குப் போதுமானது. கொய்யாவும் முருங்கைக்கீரையும் இச்சத்து மிக்கவையே. கொதிக்க வைத்தால் இச்சத்து குறையும். பச்சையாக உண்பதே நன்று. அரைநெல்லி வேறு இனம். அதில் இச்சத்து மிகக் குறைவு.

முடிவுரை

நெல்லி நல்ல உணவு. இரத்தக் கொதிப்புக்கான மாத்திரைக்கு அது மாற்றன்று. இளைஞர்களே! புகையைத் தொடாதிருப்பது, எத்தனை கனி உண்பதைக் காட்டிலும் உங்கள் குருதிக் குழாய்களுக்குப் பெருங்காவல். பெரியோர்களே! மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். என் பெரியத்தா இன்றும் நெல்லிக்கனி உண்கிறார். ஆனால் முதலில் மாத்திரை, பிறகே கனி. அதையும் இடக்கையால்தான் எடுக்கிறார். அந்த இடக்கை கற்பித்த பாடமே இக்கட்டுரை.