முதலில் எண்ணு, பிறகு படி!

புதுக்கோட்டை மாவட்ட ஊர்களின் மழையளவைப் பட்டியலிட, ‘மழை’ என்றொரு சி நிரல் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அதை இயக்க,

மழை -ஆர் கீரனூர் திருமயம்

என்று தட்டச்சு செய்கிறோம். ‘-ஆர்’ என்பது பட்டியலைத் தலைகீழாக்கச் சொல்லும் குறி.

‘மெயின்’ பகுதிக்கு இரண்டு விவரங்கள் வருகின்றன. சொற்களின் எண்ணிக்கை ‘ஆர்க்-சி’. சொற்களின் வரிசை ‘ஆர்க்-வி’. எண்ணிக்கை மூன்றா? இல்லை, 4! நிரலின் பெயரும் சேரும். அதன் இடம் 0.

சிறுகோட்டில் தொடங்கும் சொல்லைக் குறியாகவும், மற்றவற்றை ஊர்களாகவும் பிரிப்பது நிரலின் பொறுப்பு. யூனிக்ஸில் ‘கெட்ஆப்ட்’ என்னும் செயற்கூறு இதற்கு உதவும்.

‘மழை’ என்று மட்டும் தட்டினால்? 1-ஆம் இடத்தில் சொல் இராது. வெற்றுச் சுட்டியே இருக்கும். அதைச் சொல்லாக எண்ணிப் படித்தால் நிரல் பாதியில் நின்றுவிடக்கூடும். எனவே, முதலில் எண்ணிக்கையைச் சோதியுங்கள்.

‘மழை அறந்தாங்கி’ என்றால் எண்ணிக்கை எவ்வளவு? சொல்லுங்கள் பார்ப்போம்!