வாய்ப்புண்ணுக்கு எந்த டியூப்?

மருந்துக் கடையில் "வாய்ப்புண்ணுக்கு ஒரு ஜெல் கொடுங்க" என்று கேட்டால் கைக்கு எட்டியதைத் தந்துவிடுவார்கள். எல்லாம் சின்னச் சின்ன டியூப்கள்தான், ஆனால் உள்ளிருக்கும் மருந்து வேறு வேறு. முன்பக்கத்துப் பெயரை விடுங்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

லிக்னோகைன் என்றிருந்தால் அது மரத்துப்போக வைக்கும் மருந்து. புண்ணை ஆற்றாது. உதட்டின் உள்பக்கம் ஒரே ஒரு புண், சாப்பிட உட்கார்ந்தாலே கண்ணீர் வருகிறது என்றால், புண்ணின் மேல் மட்டும் துளி தொட்டு வைத்தால் போதும். பட்டாணி அளவுக்கு எடுத்து வாய் முழுக்கத் தடவினால் தொண்டை மரத்துப் புரையேறும், கன்னத்தைக் கடித்துக்கொள்வதும் தெரியாது.

கோலின் சாலிசிலேட் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். தடவியதும் சுருக்கென்று எரியும், பிறகு அடங்கும். சில டியூப்களில் இதுவும் லிக்னோகைனும் சேர்ந்தே இருக்கும். இது ஆஸ்பிரின் குடும்பம். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. ரைஸ் சின்ட்ரோம் என்ற அரிய, ஆபத்தான நோயை எண்ணி, பிரிட்டனில் 2009 முதல் 16 வயதுக்குக் கீழே இதைத் தரவேண்டாம் என்கிறார்கள். நம் வீடுகளில் பெரியவருக்கு வாங்கிய ஜெல்லைப் பிள்ளைக்கும் தடவிவிடுகிறோமே, அது தவறு.

அடிக்கடி புண் வருகிறவர்கள் அறிந்து வைத்திருக்க வேண்டியது டிரையாம்சினலோன் 0.1 சதவீதப் பசை. மரத்துப்போக வைக்காது, புண்ணைக் கிளப்பும் அழற்சியையே அடக்கும். ஆகவே புண் குழியாகும் முன், சுருசுருவென்று சிவக்கும்போதே வைத்தால்தான் முழுப் பலன். எல்லோரும் தேய்த்துத்தான் கெடுக்கிறார்கள். தேய்த்தால் மணல் மணலாகத் திரிந்து உதிர்ந்துவிடும். ஈரத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, துளிப் பசையை அழுத்தி வைத்தால் மெல்லிய படலமாக ஒட்டும். இரவு படுக்கும் முன் வைப்பது மிக நல்லது. தேவைப்பட்டால் பகலில் சாப்பாட்டுக்குப் பின்னும் வைக்கலாம். ஸ்டீராய்டு என்பதால் மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொப்புளமாகத் தொடங்கி, ஈறிலோ மேலண்ணத்திலோ உதட்டுக்கு வெளியிலோ வந்த புண் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதில் இதைத் தடவினால் கிருமிக்கு வழிவிட்டது போலாகும்.

புண் நாலைந்து இடத்தில், விரல் எட்டாத உள்நாக்கருகில் என்றால் டியூப் உதவாது. பென்சிடமைன் 0.15 சதவீதக் கொப்பளிப்பு சரி. சாப்பாட்டுக்கு முன் கொப்பளித்துத் துப்பவேண்டும். எரிந்தால் சம அளவு தண்ணீர் சேர்க்கலாம். குளோர்ஹெக்சிடின் வலிக்கு அல்ல, வாய்ச் சுத்தத்துக்கு. அதோடு காபி, டீ சேர்ந்தால் பல்லில் கறை படியும். காசில்லாமல் தொடங்க நினைத்தால் வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. கொப்பளித்துத் துப்பத் தெரிந்த குழந்தைக்கும் அது போதும்.

வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கினால் வெங்காரம் நஞ்சு. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேனும் ஆபத்து. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் லிக்னோகைன் தடவக்கூடாது என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014இல் எச்சரித்தது. வலிப்பும் இதயக் கோளாறும் வரலாம்.

சாதாரணப் புண் எந்த மருந்தும் இல்லாமலே ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். அடிக்கடி வந்தால் ரத்தத்தில் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வலியே இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடம் காட்டவேண்டியது. புகையிலை, பாக்கு போடுகிறவர் என்றால் இன்னும் அவசரமாக. அப்படிப்பட்ட புண்ணுக்கு டியூப் மாற்றி டியூப் வாங்கி நாளைக் கடத்தாதீர்கள்.