கணையப் புற்றும் பித்தநாளப் புற்றும்: அறுவைக்கு முன் ஆராய வேண்டியவை

புனே நகரின் கிழக்கே அமைந்துள்ள கோர்படி ஒரு ரயில் சந்திப்பு. சோலாப்பூர்ப் பக்கம் செல்லும் இருப்புப்பாதையிலிருந்து மீரஜ் செல்லும் பாதை இங்கே பிரிகிறது. சந்திப்பில் ஒரு வண்டி நின்றுவிடுமாயின் இரு பாதைகளிலும் போக்குவரத்துத் தடைப்படும். மனித உடலிலும் இத்தகைய சந்திப்பு ஒன்று உண்டு. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் கொணரும் பொதுப் பித்தநாளமும், கணையநீரைக் கொணரும் நாளமும் கணையத்தின் தலைப்பகுதி வழியாக வந்து, முன்சிறுகுடலின் உட்சுவரிலுள்ள ஒரு சிறு மேட்டில் திறக்கின்றன. இம்மேட்டிலோ, கணையத் தலையிலோ, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியிலோ புற்று எழுமாயின் வெளியே தோன்றும் அடையாளம் பெரும்பாலும் ஒன்றேயாகும், அது மஞ்சட்காமாலை.

காமாலையை மராத்தியர் ‘காவீள்’ என்பர். எம்மொழி வழங்கும் ஊராயினும், கண் மஞ்சளித்தவுடன் பச்சிலையும் பத்தியமும் தேடுவதே வழக்கம். தமிழ்நாட்டில் கீழாநெல்லிக்கு உள்ள பெருமை யாவரும் அறிந்ததே. நுண்ணுயிரால் கல்லீரல் அழற்சியுற்று வரும் காமாலையில் பெரும்பகுதி சில வாரங்களில் தானே தணிவது. ஆதலின் தணித்த புகழ் மூலிகையைச் சேர்கிறது. நாளம் அடைபட்டு வரும் காமாலையோ தணிவதில்லை. நாளுக்கு நாள் முற்றுகிறது. பத்தியத்தில் கழியும் ஆறு வாரங்களே, அகற்றக்கூடிய கட்டி அகற்ற இயலாததாக மாறப் போதுமானவையாக இருக்கலாம்.

அடைப்புக் காமாலையை ஊழியர் தம் கண்ணாலும் சில கேள்விகளாலுமே ஐயுற முடியும். சிறுநீர் கருந்தேநீர் நிறத்திலும், மலம் களிமண் போல் வெளுத்தும் இருக்கும். உடல் முழுதும் அரிப்பு, இரவில் மிகும். காய்ச்சலோ கடும் வலியோ இல்லாமலிருப்பது ஆறுதலுக்குரிய அடையாளமன்று. நாற்பது வயதைக் கடந்தவரிடத்தில் அதுவே ஐயத்தை வலுப்படுத்துகிறது. காமாலையுற்றவரின் வலப்புற விலாவின்கீழ், வலியின்றிப் பருத்த பித்தப்பை கையில் தட்டுப்படுமாயின், அடைப்புக்குக் காரணம் கல்லாக இருப்பது அரிது என்று சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் கூர்வாசியே 1890இல் எடுத்துக்காட்டினார். ஆயினும் பித்தப்பை தட்டுப்படவில்லை என்று கொண்டு புற்று இல்லையென முடிவு செய்தல் கூடாது. கல்லீரல் வாயிலில் எழும் பித்தநாளப் புற்றில் அடைப்பு பித்தப்பைக்கு மேலே அமைவதால் பை சுருங்கியே கிடக்கும். கணையத்தின் வாற்பகுதியில் எழும் புற்று காமாலையே தராமல், முதுகுவலியும் உடல்மெலிவுமாக நெடுநாள் மறைந்திருக்கும். ஐம்பது வயதுக்குமேல் புதிதாக நீரிழிவு தோன்றி, உணவு குறையாமலே உடல் மெலிபவரையும் இவ்வையத்துடன் நோக்குதல் தகும்.

மருத்துவமனையில் முதற்படி மீயொலிப் படம். பித்தநாளம் விரிந்துள்ளதா, கல் உளதா என்பதை அது எளிதிற் காட்டும். அடுத்தது சி.டி. படம், ஆராய்ச்சியின் நடுநாயகம் இதுவே. சிரையில் மருந்தேற்றியபின், கணையம் நன்கு ஒளிரும் வேளையில் ஒரு முறையும், கல்லீரலுக்குச் செல்லும் சிரைகள் நிறையும் வேளையில் மறுமுறையும் மெல்லிய அடுக்குகளாகப் படமெடுப்பர். கட்டியின் அளவைவிட அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதே முதன்மை. கணையத்தை ஒட்டிக் குடலுக்கு இரத்தம் செலுத்தும் பெருந்தமனி ஒன்று இறங்குகிறது. கட்டிக்கும் அதற்கும் இடையே கொழுப்பு தெளிவாகத் தெரியுமாயின் அகற்ற வாய்ப்பு மிகுதி. தமனியின் சுற்றளவில் பாதிவரை, அதாவது 180 பாகைவரை, கட்டி தழுவியிருப்பின் அது எல்லைநிலை. பெரும்பாலும் மருந்துச் சிகிச்சை முந்தும், அறுவை பின்வரும். பாதிக்குமேல் சூழ்ந்துவிட்டால் உடனடி அறுவையாற் பயனில்லை. கணையப் புற்றுடன் வருவோருள் 100க்கு 15 முதல் 20 பேர்க்கே முதலில் அறுவை கைகூடுகிறது.

படம் எடுப்பதற்கு முன்னரே காமாலை வடிய நாளத்தில் குழாய் வைத்துவிடும் அவசரம் சில இடங்களில் உண்டு. இது தவிர்க்கத்தக்கது. குழாயும் அதனால் எழும் அழற்சியும் படத்தை மங்கச் செய்து கட்டியின் எல்லையை மறைக்கும். குழாய் எல்லோர்க்கும் தேவையுமன்று. கணையத் தலைப் புற்றால் மிதமான காமாலையுற்றோரிடம் நெதர்லாந்தில் நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஆய்வில், நேரே அறுவை பெற்றவருள் 100க்கு 39 பேர்க்கும், முதலில் பித்தம் வடிக்கப்பெற்றவருள் 100க்கு 74 பேர்க்கும் கடும் சிக்கல்கள் நேர்ந்தன. குளிருடன் காய்ச்சல், மிக முற்றிய காமாலை, அறுவைக்குமுன் மருந்துச் சிகிச்சை, கல்லீரலின் பெரும்பகுதியை நீக்க வேண்டிய நிலை ஆகியவற்றில் வடித்தல் இன்றியமையாததாகும். இறுதியிற் கூறிய நிலையில், எஞ்சும் கல்லீரல் உடலைத் தாங்குமா என அளந்து, போதாதெனின் நீக்கவுள்ள பகுதிக்குச் செல்லும் சிரையை அடைத்து மறுபகுதியை வளரச் செய்வர்.

சி.ஏ. 19-9 என்னும் இரத்தச் சோதனையை மக்கள் ‘புற்றுச் சோதனை’ என நம்புவதுண்டு. காமாலையே அதனை உயர்த்திக் காட்டும். மக்களுள் ஒரு சிறு பகுதியினர்க்குப் பிறவியிலேயே அப்பொருள் சுரப்பதில்லை. துணைச்சான்றாகவன்றி அதனைக் கொள்ளலாகாது.

இந்நாட்டில் மருத்துவரைத் தனியே மயக்குவன சில உள. காசநோய் கணையத்தருகேயுள்ள நிணக்கணுக்களைப் பருக்கச் செய்து புற்றைப்போலவே தோன்றும். அதற்கு மாத்திரை போதும். தன்னெதிர்ப்பால் வரும் கணைய அழற்சியும் கட்டிபோற் காட்டி, ஸ்டீராய்டு மருந்தால் கரையும். கேரளத்தில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்ததும் தமிழ்நாட்டிலும் காணப்படுவதுமான கணையக் கல் நோயில் சிக்கல் இரட்டிப்பாகும்: அழற்சித் திரளே புற்றெனத் தோன்றலாம், அந்நோயாளர்க்குப் புற்று வரும் வாய்ப்பும் மிகுதி. ஐயமுள்ள இடத்தில் உள்நோக்கியின் நுனியிலுள்ள மீயொலிக் கருவி கொண்டு, இரைப்பை வழியே ஊசியால் திசு எடுப்பர். மருந்துச் சிகிச்சை முந்துமாயினும் திசு வேண்டும். படம் ஐயமற இருந்து, கட்டி அகற்றத்தக்கதாயின், ஊசிக்காகக் காத்திருத்தல் வேண்டா. ஊசியில் புற்று அகப்படாமை புற்றின்மைக்குச் சான்றாகாது.

நோயாளரின் வலிமை இறுதியாக நோக்கப்படினும் சிறியதன்று. 1909இல் ஜெர்மானியர் கௌஷ் தொடங்கி, 1935இல் அமெரிக்கர் விப்பிள் பரப்பிய இவ்வறுவை, கணையத்தலை, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை நீக்கி மூன்று இணைப்புகளைப் புதிதாகத் தைப்பது. பயின்ற நிலையங்களில் இதனால் இறப்போர் இன்று 100க்கு ஐவர்க்கும் குறைவு; அரிதாகச் செய்யுமிடங்களில் அதனினும் மிகுதி. பித்தம் குடலை அடையாதபோது ‘கே’ வைட்டமின் உடலிற் சேராது. இரத்தம் உறைய நேரமாகும். எனவே ஊசிவழி அது தரப்படும். நீரிழிவை அடக்குதல், புகை நிறுத்துதல், ஊட்டம் ஏற்றல், மூச்சுப் பயிற்சி ஆகியன காத்திருக்கும் நாட்களிலேயே தொடங்கற்பாலன.

கோர்படியில் வாழ்பவர்க்குத் தொலைவு தடையன்று. 1948இல் நிறுவப்பட்ட ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியும், படையினர்க்கான பெரிய மருத்துவமனையும் அடுத்துள்ள வானவ்ரியில் இருக்கின்றன. பொதுமக்களுக்குச் சசூன் மருத்துவமனை நகரிலேயே உளது. 1941 முதல் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை இயங்குகிறது. அனுப்பும் ஊழியர் ஒரு தாளில் காமாலை தோன்றிய நாள், மலத்தின் நிறம், அரிப்பு, காய்ச்சல், எடைக்குறைவு, நீரிழிவின் காலம், உண்ட மருந்துகள், முன்பு காசநோய் உண்டா என்பவற்றைக் குறித்து, எடுத்த படங்களின் அறிக்கையை மட்டுமன்றிப் படங்களையும் உடன் கொடுத்தனுப்புதல் வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவராயின் அதனைத் தாளின் தலைப்பிலேயே எழுதுதல் நலம்.