பில் கேட்டைத் தாண்டும் முன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் சிட்கோ பேட்டையிலும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுத வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். 2020 அக்டோபர் 1 அன்று, ஆண்டு விற்றுமுதல் 500 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அந்த வரம்பு 5 கோடி. பெரிய ரோலிங் மில் மட்டுமல்ல, அதற்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்ன யூனிட்டும் வளையத்துக்குள் வந்துவிட்டது. உங்கள் புரோகிராமுக்குள் ஆப்ஜெக்டாக இருக்கும் பில், ஜேசான் எழுத்தாக மாறி அரசின் பதிவுத் தளத்துக்குப் போய், ஐஆர்என் என்ற குறிப்பு எண்ணும் க்யூஆர் கோடும் வாங்கி வர வேண்டும். அப்படி மாற்றுவதுதான் சீரியலைசேஷன். அது தவறினால் லோடு ஏற்றிய லாரி கேட்டிலேயே நிற்கும். டிரைவரின் அன்றைய நடை போய்விடும்.

1. டேட்டாபேஸுக்காக எழுதிய கிளாஸை அப்படியே சீரியலைசர் கையில் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளருக்குள் பில்கள், பில்லுக்குள் மறுபடி வாடிக்கையாளர் என்று அது சுற்றிச் சுற்றிப் போய் ஸ்டாக் நிரம்பி விழும். விழாமல் தப்பினாலோ, கொள்முதல் விலை போன்ற உள் விவரமும் சேர்ந்து வெளியே போகும். வெளியே போவதற்கென்று தனி கிளாஸ் எழுதுங்கள். தளம் கேட்கும் புலங்கள் மட்டும் அதில் இருக்கட்டும்.

2. தேதியில் மிகுந்த கவனம் வேண்டும். ஜேசானில் தேதி என்று ஒரு வகையே கிடையாது. தேதியை எழுத்தாகவோ எண்ணாகவோதான் எழுத முடியும். அதனால் ஒவ்வொரு லைப்ரரியும் தன் வழக்கப்படி எழுதும். மைக்ரோசாஃப்டின் பழைய சர்வீஸ்கள் 1970-லிருந்து மில்லிசெகண்டுகளை எண்ணிக் கொடுத்தன. இப்போது பெரும்பாலானவை ஆண்டை முதலில் வைக்கின்றன. இ-இன்வாய்ஸ் தளம் கேட்பதோ நாள், மாதம், ஆண்டு, நடுவில் சாய்கோடு. இந்த இடத்துக்கு நீங்களே ஒரு கன்வர்ட்டர் எழுதியாக வேண்டும்.

வரிசையைச் சரிசெய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பில் தேதி ஏப்ரல் 1 என்று வையுங்கள். புரோகிராமில் அது ஏப்ரல் 1 நள்ளிரவு 00:00. சர்வர் அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் மார்ச் 31 மாலை 18:30. அப்படி எழுதப்பட்ட பில் ஒரு நாள் மட்டும் பின்னால் போவதில்லை, போன நிதியாண்டுக்கே போய்விடுகிறது. ஐஆர்என் என்பது விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் நான்கையும் சேர்த்துப் போடும் 64 எழுத்து ஹாஷ். ஆண்டு மாறினால் ஐஆர்என்னே வேறு. நேரமில்லாத, நாள் மட்டும் உள்ள வகையைப் பயன்படுத்துங்கள். ஜாவாவில் லோக்கல்டேட், டாட்நெட்டில் டேட்ஒன்லி.

3. எண் போலத் தெரிவதெல்லாம் எண் அல்ல. நம் மாநிலக் குறியீடு 33, ஆந்திராவுக்கு 37. இவற்றை எண்ணாக வைத்தாலும் உங்கள் சோதனையில் எல்லாம் சரியாகவே ஓடும். உத்தரப் பிரதேசத்துக்கு முதல் லோடு போகும் நாளில் 09 என்பது 9 ஆகிவிடும். இ-வே பில் எண்ணுக்கு 12 இலக்கம். 32 பிட் இன்ட் 214 கோடியோடு நின்றுவிடும். கூட்டிக் கழிக்காத எதையும் எழுத்தாகவே வையுங்கள். விதிவிலக்காக, பின்கோடைத் தளம் எண்ணாகத்தான் கேட்கிறது. ஆகவே ஊகிக்காமல் ஸ்கீமாவைத் திறந்து ஒவ்வொரு புலமாகப் படியுங்கள்.

4. காசையும் எடையையும் டபுளில் வைக்கக் கூடாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் டபுளில் கூட்டினால் 0.30000000000000004 வரும். எடைமேடை 24,680 கிலோ காட்டுகிறது, பில்லில் அது 24.680 டன். பிக்டெசிமல் அல்லது டெசிமலில் வைத்து, எடைக்கு மூன்று தசமம், தொகைக்கு இரண்டு என்று நீங்களே வரையறுங்கள். ஜாவாக்காரர்களுக்கு இன்னொன்று: பிக்டெசிமலில் கடைசிச் சைபர்களை வெட்டினால் 25000 என்பது 2.5E+4 என்று எழுதப்படலாம். ஜாக்சன் லைப்ரரியில் அதைச் சாதாரண எண்ணாக எழுதச் சொல்லும் அமைப்பு இருக்கிறது, அதைப் போடுங்கள்.

5. ஜேசானை ஸ்ட்ரிங் ஒட்டித் தயாரிக்காதீர்கள். குழாய் விற்கும் கம்பெனியில் 2" பைப் என்று ஒருவர் டைப் செய்வார். அந்த இன்ச் குறியே மேற்கோள் குறியாகி, முழு பில்லும் உடையும். எழுதும் வேலையை லைப்ரரிக்கு விடுங்கள். பொருள் பெயரிலும் ‘இன்ச்’ என்று எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

6. இல்லாத விவரத்துக்கு வெற்று ஸ்ட்ரிங் அனுப்பாதீர்கள். அந்தப் புலத்தையே விட்டுவிடுங்கள்.

7. சீரியலைசருக்குள் வரிக் கணக்கைப் புகுத்தாதீர்கள். எளாவூரைத் தாண்டி ஆந்திராவின் தடாவுக்கோ ஸ்ரீசிட்டிக்கோ போகும் கம்பிக்கு ஐஜிஎஸ்டி 18 சதவீதம். அதே கம்பி செங்குன்றத்துக்கு வந்தால் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9. இதை முடிவு செய்ய வேண்டிய இடம் பில் போடும் பகுதி. சீரியலைசர் வடிவத்தை மட்டும் பார்க்கட்டும். இரண்டையும் கலந்துவிட்டால், ஜிஎஸ்டி கவுன்சில் விகிதத்தை மாற்றும்போது எங்கே திருத்துவது என்று உங்களுக்குப் பின் வருபவர் தேடி அலைவார். இதை நான் பல இடங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

8. திரும்பி வருவதையும் கவனியுங்கள். தளம் டிஜிட்டல் கையெழுத்திட்டு அனுப்பும் பதிலை ஆப்ஜெக்டாக்கிவிட்டு, பிறகு அதிலிருந்து மறுபடி ஜேசான் செய்து சேமிக்காதீர்கள். ஒரு இடைவெளி கூடினாலும் புலங்களின் வரிசை மாறினாலும் கையெழுத்து பொருந்தாது. வந்த எழுத்தை வந்தபடியே டேட்டாபேஸில் ஒரு புலத்தில் வையுங்கள். வேலைக்குத் தேவையானதை அதிலிருந்து தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய எழுத்தையும் அப்படியே வையுங்கள். ஆடிட்டர் கேட்கும் நாளில் அதுதான் பேசும்.

9. பதிவுத் தளத்தில் பில்லைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், அவ்வளவுதான். ரத்து செய்த பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. ஆகவே முதலில் சோதனைத் தளத்தில் ஓட்டுங்கள். ஏப்ரல் 1 பில் ஒன்று, உத்தரப் பிரதேச பில் ஒன்று, 2 இன்ச் பைப் ஒன்று, மூன்று தசம எடை ஒன்று என்று கோப்புகள் செய்து, வெளிவரும் ஜேசானை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் டெஸ்ட் எழுதுங்கள். லைப்ரரி வெர்ஷனை ஏற்றும் ஒவ்வொரு முறையும் அது ஓடட்டும்.