சிப்புக்குள் கம்பி இழுக்க வரும் தம்பி தங்கைகளுக்கு

சிறிய டிஜிட்டல் சிப் ஒன்றையாவது சொந்தமாக வரைந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு கியூரவுட்டரைத் திறக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். டிம் எட்வர்ட்ஸ் பராமரித்துவரும் இலவச மென்பொருள் அது. கட்டளை தட்டினால் செல்களுக்கு (தயாராக உள்ள சிறு சுற்றுத் துண்டுகளுக்கு) இடையே உலோகக் கம்பிகளை இழுத்துத் தரும்.

1. முதல் கட்டளைக்கு முன், கியூரவுட்டருக்கு அடிப்படையான லீயின் வழிமுறையைக் கட்டம் போட்ட தாளில் போட்டுப் பாருங்கள். பெல் ஆய்வகத்தின் சி. ஒய். லீ 1961-இல் வெளியிட்டது. ஒரு முனையிலிருந்து 1, 2, 3 என்று எண்கள் நாலாபக்கமும் பரவும், மடை திறந்த தண்ணீர் வயலில் பரவுவதுபோல. தடை வந்தால் சுற்றிக்கொண்டு போகும். மறுமுனையைத் தொட்டதும் எண்களை இறங்குமுகமாகப் பிடித்து வந்தால் பாதை கிடைத்துவிடும். பாதை என்று ஒன்று இருந்தால் இந்த முறை அதைத் தவறவிடாது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு நெட்டை, அதாவது ஒன்றாக இணைய வேண்டிய முனைகளின் தொகுப்பை, மட்டுமே பார்க்கும். முன்னால் போன கம்பி பின்னால் வருவதற்குச் சுவராகிவிடும். ரவுட்டிங் என்னும் இந்தக் கம்பி இழுப்பின் சிரமமெல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

2. லெஃப் கோப்பைத் திறந்து கண்ணால் படியுங்கள். எந்த உலோக அடுக்கு கிடைமட்டம், எது செங்குத்து, கம்பிகளுக்கு இடைவெளி எவ்வளவு, செல்லின் இணைப்பு முனை (பின்) எங்கே இருக்கிறது, எல்லாம் அதில் உண்டு. செல்கள் உட்கார்ந்த இடங்களைச் சொல்வது டெஃப் கோப்பு.

3. கியூரவுட்டரின் மூன்று கட்டங்களையும் புரிந்துகொண்டு ஓட்டுங்கள். ஸ்டேஜ்1 ஒவ்வொரு நெட்டையும் வரிசையாக இழுத்துப் பார்த்து, முடியாததை ஒதுக்கி வைக்கும். ஸ்டேஜ்2 ஒதுக்கியதை எடுத்து, குறுக்கே நிற்கும் பழைய கம்பியைப் பிய்த்துவிட்டுப் புதியதைப் போடும்; பிய்த்ததை மறுபடி வரிசையில் சேர்க்கும். ஸ்டேஜ்3 எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை இழுத்துச் சீராக்கும்.

4. நான் வற்புறுத்திச் சொல்ல வந்தது இதுதான். ஸ்டேஜ்2-இல் தோல்வி எண்ணிக்கை இறங்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், முயற்சி வரம்பைக் கூட்டிவிட்டு இரவெல்லாம் ஓடவிடாதீர்கள். கம்பிகள் ஒன்றையொன்று பிய்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்தில் இடமே இல்லை. ‘கன்ஜெஸ்டட்’ என்ற கட்டளை எந்தச் செல்களைச் சுற்றி நெரிசல் என்று வரிசைப்படுத்திக் காட்டும். அந்தப் பட்டியலோடு செல் அடுக்கும் கட்டத்துக்குத் திரும்புங்கள். கியூரவுட்டரையும் உள்ளடக்கிய கியூஃப்ளோ தொகுப்பில் அந்த வேலையைச் செய்வது கிரேவுல்ஃப். அடர்த்தியைக் குறையுங்கள், நெரிசலான இடத்தில் வெற்றுச் செல் விட்டு அகலப்படுத்துங்கள். பரப்பு கொஞ்சம் கூடும், கூடட்டும். தொங்கலில் நிற்கும் ஒரே ஒரு நெட் போதும், சிப் வேலை செய்யாமல் போக. ரவுட்டர் சொல்லும் தோல்வியைச் செல் அடுக்கியதைப் பற்றிய செய்தியாக வாசிக்கக் கற்றவர்தான் இந்த வேலையைக் கற்றவர்.

5. அடுக்குகள் எல்லாம் சமமில்லை. கூகுளும் ஸ்கைவாட்டரும் 2020-இல் திறந்துவிட்ட 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில், ஐந்து உலோக அடுக்குகளுக்குக் கீழே ஓர் உள்ளிணைப்பு அடுக்கு உண்டு. அது டைட்டானியம் நைட்ரைடு. அதன் மின்தடை முதல் உலோக அடுக்கைப்போல் ஏறக்குறைய 100 மடங்கு. செல்லுக்குள் அது நன்றாக உழைக்கும். நீண்ட கம்பியை அதில் இழுத்தால் சிக்னல் தாமதமாகும். அதனால்தான் ஓப்பன்லேன் தொகுப்பு ரவுட்டிங்கை மெட்டல் 1-இலிருந்து தொடங்குகிறது.

6. கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி ஓட்டுங்கள். விண்டோவில் கம்பிகள் வளர்வதைப் பார்ப்பது இனிமைதான், முதல் வாரம் ஆசை தீரப் பாருங்கள். பிறகு ஸ்கிரிப்டும் லாக் கோப்பும்தான் உங்கள் துணை.

7. ‘தோல்வி 0’ என்று வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். மேஜிக் மென்பொருளில் டிஆர்சி (வடிவ விதிச் சோதனை), நெட்ஜென் மென்பொருளில் எல்விஎஸ் (வரைந்ததும் சுற்றும் ஒன்றுதானா என்ற சோதனை), இரண்டும் சுத்தமாக வர வேண்டும். ஆன்டெனா விதியையும் பாருங்கள். தயாரிப்பின்போது பிளாஸ்மாவில் அரிக்கையில் நீண்ட கம்பி மின்னூட்டத்தைச் சேர்த்து, அது தொட்டிருக்கும் டிரான்சிஸ்டர் கேட்டின் மெல்லிய ஆக்சைடைத் துளைத்துவிடக்கூடும். கேட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியை மேலடுக்குக்கு ஏற்றி இறக்குங்கள். அது முடியாத இடத்தில் ஒரு டயோடு வையுங்கள். வைத்தபின் மூன்று சோதனைகளையும் மறுபடி ஓட்டுங்கள்.